கீழ்த்தளத்து மேசை

இன்று காலை சப்பாத்துக்குள் கால் நுழையவில்லை. நேற்றைய காலுறையின் தடம் கணுக்காலில் வளையமாகக் கிடந்தது. பெருவிரலால் அழுத்தினேன். குழி விழுந்தது, நெடுநேரம் நிரவவில்லை. அந்தக் குழியை முதலில் உன் காலில்தான் பார்த்தேன்.

"அமத்திப் பார் மச்சான், பிசைஞ்ச மா மாதிரி இருக்கும்" என்று சிரித்தாய். நான் குனியவில்லை. பள்ளியில் ஒரே வாங்கில் இருந்தவர்கள் நாம். துறைமுகக் கந்தோரில் நான் உனக்கு மேலதிகாரி. ஆனால் அதற்கு முன்பு, காணாமற்போன ஒரு கோப்புக்காக என்னை விசாரித்தபோது, உண்மை தெரிந்தும் நீ வாய் திறக்கவில்லை. என் பதவி உயர்வு பிந்தியது. அதை நான் மறக்கவில்லை.

இருதயம் பலவீனம், படி ஏறக்கூடாது என்ற டொக்டரின் கடிதத்தோடு நீ வந்தபோது, கீழே யன்னலோரம் ஒரு மேசை வெறுமையாக இருந்தது. "இடம் வரட்டும், பாப்பம்" என்றேன். அன்று பின்னேரமே பழைய கோப்புக் கட்டுகளை அதன்மேல் நானே அடுக்கினேன்.

இரண்டு வருடம் ஏறினாய். படி திரும்பும் இடத்தில் யன்னல் கம்பியைப் பிடித்தபடி நிற்பாய். உதடும் நகமும் நீலம் பூத்திருக்கும்.

"என்ன, நிண்டிட்டாய்?"

"கப்பல் பாக்கிறன், பெரிய ஐயா."

அன்று துறைமுகத்தில் ஒரு கப்பலும் இல்லை.

"எங்க கப்பல்?"

"வரும். அதுவரைக்கும் நிக்கத்தானே வேணும்."

எல்லோரும் சிரித்தார்கள். நானும்தான்.

உன் செத்தவீட்டுக்கு, உன் ஊரான கப்பல்துறைக்கு வந்தேன். உன் மனைவி எனக்குக் கதிரை எடுத்துப் போட்டார். "உங்களைத்தான் எப்பவும் சொல்லுவார். அவன் என்ர கூட்டாளி, இடம் வந்தவுடன என்னைக் கீழ எடுப்பான் எண்டு." அந்தக் கதிரையில் நான் இருக்கவில்லை.

இப்போது டொக்டர் எனக்கும் அதையே சொல்கிறார். இருதயம் ஓய்ந்து வருகிறதாம். அதனால்தான் காலில் நீர் கட்டுகிறதாம். போன கிழமை, புதிதாக வந்த அதிகாரி, நான் கேளாமலே அந்த மேசையைத் துடைப்பித்தார். "உங்களுக்கு இனிப் படி ஏற ஏலாது ஐயா. கீழ இருங்கோ." மறுக்கத்தான் நினைத்தேன். கால் விடவில்லை.

அதில் இருந்துதான் இதை எழுதுகிறேன். அன்றைய விசாரணையில் நீ பேசாமல் இருந்ததை இன்றும் என்னால் மன்னிக்க முடியவில்லை. ஆனால் யாராவது படி ஏறினால் பேனாவை வைத்துவிட்டுக் காது கொடுக்கிறேன், திரும்பும் இடத்தில் காலடி நிற்கிறதா என்று.

நிற்பதில்லை. நேரே மேலே போய்விடுகிறது.