ஷாமளா அனுப்பிய நாலு எழுத்து

4 ஆகஸ்ட் 2024, ஞாயிறு

மகள் ஷாமளா ஜெர்மனிக்குத் தாதி வேலைக்குப் போய் மூன்று வருஷமாகிறது. டிசம்பரில் ஒப்பந்தம் முடிகிறது. திரும்பி வந்துவிடுவாள் என்று எங்கள் ஊர் பெர்மாஸ் ஜெயாவில் பாதிப் பேரிடம் சொல்லி வைத்திருக்கிறேன். அவளிடம்தான் இன்னும் கேட்கவில்லை.

5 ஆகஸ்ட்

கேட்டுவிட்டேன். “எப்பம்மா வீட்டுக்கு வர்ற?” என்று வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். தொழிற்சாலை வாசலில் ஆட்களை இறக்கிவிட வேனை நிறுத்தியிருந்தபோது பதில் வந்தது. நாலே ஆங்கில எழுத்து: பி, ஏ, எல், டி. கூடவே ஒரு சிரிப்புப் பொம்மை.

மூன்றாம் படிவத்தோடு, அதாவது ஒன்பதாம் வகுப்போடு, படிப்பை முடித்தவன்தான். ஆனாலும் இந்த வார்த்தை தெரியும், என் தலைக்கே வைத்த பேர். வழுக்கை! நான் என்ன கேட்டேன், இவள் என்ன சொல்கிறாள்? உச்சந்தலையைப் படம் பிடித்து அனுப்பினேன். “ஆமாம்மா, முழுசா போச்சு. நீ எப்ப வர்ற, அதச் சொல்லு.”

6 ஆகஸ்ட்

அழைத்தாள். சிரிப்பு அடங்கவே நேரமாயிற்று.

“அப்பா, அதுக்கு இங்க ‘சீக்கிரம்’னு அர்த்தம். நாள் பூரா வார்டுல இதே பாஷை, கை தானா அடிச்சிருச்சு.”

ஒரே எழுத்து, இங்கிலீஷில் வழுக்கை, ஜெர்மனில் சீக்கிரம். பக்கத்துப் பக்கத்து நாட்டுக்காரர்கள் ஒரு வார்த்தை பேசி வைத்துக்கொள்ளக் கூடாதா?

கஸ்தூரி அடுப்படியிலிருந்தே சொன்னாள்: “உங்களுக்கு ரெண்டும் ஒண்ணுதான். சீக்கிரமா வந்த வழுக்கைதானே.”

கட்டிக்கொண்டவள் பேசுகிற பேச்சா இது?

10 ஆகஸ்ட்

இன்னொரு வேன் ஓட்டும் ஜெயபாலன், “சீக்கிரம்னா எப்ப அண்ணே? நம்ம மலாய் ‘நந்தி’ மாதிரியா?” என்று கேட்டான். மலாயில் நந்தி என்றால் ‘அப்புறம்’. கோவிலில் சிவனுக்கு எதிரே உட்கார்ந்திருப்பவரும் நந்திதான். இரண்டுமே எழுந்து வந்து நான் பார்த்ததில்லை. ஜெர்மன்காரன் நேரம் தவறாதவன் என்று சொல்லி அவன் வாயை அடைத்தேன். எனக்கே கொஞ்சம் பயம்தான்.

25 ஆகஸ்ட், ஞாயிறு

அவள் அறைக்குச் சாயம் அடித்தேன். சுவரில் பாதி, என் மேல் பாதி.

முன்பு பெக்கோக் என்கிற சின்ன ஊரில் இருந்தபோது எனக்குக் காடு மாதிரி முடி. மதியம் கண்ணயர்ந்தால் ஷாமளா நெஞ்சில் ஏறி உட்கார்ந்து தலைவாரி விடுவாள். ஒரு நாள் அவள் தலையில் மாட்டிவிட்ட இரண்டு சிவப்புக் கிளிப்போடு, தெரியாமலே சீனர் கடைக்கு ரொட்டி வாங்கப் போய்விட்டேன். இன்றைக்கு அழகாயிருக்கிறாய் என்றார் கடைக்காரர். சட்டையைத்தான் சொல்கிறார் என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வந்தேன். வாசலில் நின்று கைதட்டிச் சிரித்தாள். அப்போது ஐந்து வயசு இருக்குமா? அந்தச் சிரிப்புக்காக இன்னும் பத்துக் கடைக்குப் போயிருப்பேன்.

15 செப்டம்பர், ஞாயிறு

ஷாமளா வரப்போவதில்லை. அங்கேயே நிரந்தரமாக இருக்க ஆஸ்பத்திரியில் கேட்டார்களாம், கையெழுத்துப் போட்டுவிட்டாளாம்.

“சீக்கிரம்னியேம்மா” என்றேன்.

“இல்லன்னு சொல்ல வாய் வரலப்பா. எனக்கு இங்க புடிச்சிருக்கு. நீங்க ரெண்டு பேரும் வாங்க, வந்து பாருங்க.”

சரிம்மா, சரிம்மா என்றேன். வேற என்னத்தச் சொல்ல? புடிச்சிருக்குன்னு சொல்றா. புடிச்ச எடத்துல இருக்கணும்னுதானே படிக்க வச்சேன். அப்புறம் எதுக்கு இந்த நெஞ்சு இப்படி— சரி, போதும்.

16 செப்டம்பர்

கஸ்தூரி கருவாட்டுக் குழம்பு வைத்தாள். இரண்டு பேருமே சரியாகச் சாப்பிடவில்லை.

17 நவம்பர், ஞாயிறு

குளிர்ச்சட்டை வாங்கப் போனோம். வெளியே வெயில் கொளுத்துகிறது; நான் கடைக்குள் கரடி மாதிரி நின்று வியர்த்துக்கொண்டிருந்தேன். விற்கிற பெண் நம்மவள்.

“எங்க அங்கிள், பனி பாக்கக் கொரியாவா?”

“இல்லம்மா, மகள் வீட்டுக்கு.”

சொன்ன பிறகுதான் என் காதிலேயே விழுந்தது. இத்தனை நாளும் ‘ஷாமளா வேலை செய்யற எடம்’ என்றுதான் சொல்லி வந்தேன். கஸ்தூரி என்னைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு, தனக்கும் ஒன்று நல்ல தடிப்பாக எடுத்துத் தரச் சொன்னாள்.