இரண்டாவது அடி

மார்ச் 3

அன்புள்ள தங்கச்சிக்கு,

தீர்ப்பு வந்து ஒரு வாரம் ஆகிறது. 'தற்காப்புக்காக அடித்தது, குற்றமில்லை' என்று நீதிபதி வாசித்தபோது எனக்குக் காலே தரையில் நிற்கவில்லை. திரும்பிப் பார்த்தால் நீ போய்விட்டாய். நன்றி சொல்லக்கூட ஆள் கிடைக்கவில்லை. போன் செய்யலாம் என்றால் உன் வீட்டுக்காரர் பக்கத்தில் இருப்பார். அதனால்தான் நீ வேலை பார்க்கும் மருந்துக் கடைக்கு எழுதுகிறேன். உன் முதலாளி பிரித்துப் படித்தால் படிக்கட்டும், நல்ல விஷயம்தானே.

நான் தம்பி வீட்டில்தான் இருக்கிறேன். சாப்பாடு ஏதோ இறங்குகிறது. இங்கே இருந்த நாற்காலி, மோடா எல்லாவற்றுக்கும் புது உறை தைத்துவிட்டேன். இனிமேல் தைக்க வேண்டுமென்றால் தம்பியைத்தான் பிடித்து உட்காரவைக்க வேண்டும்.

தங்கச்சி, பக்கத்து வீட்டுக்காரிக்காகக் கட்டின புருஷனுக்கு எதிராக யாராவது சாட்சி சொல்வார்களா? நீ சொன்னாய். "மொதல்ல கை ஓங்கினது என் வீட்டுக்காரர்தான். ஸ்பேனர் அவர் கையில இருந்துச்சு. அக்கா உள்ளே வேலையா இருந்தாங்க." நீ இதைச் சொல்லாவிட்டால் நான் இன்று கம்பி எண்ணிக்கொண்டிருப்பேன். உன் நாத்தனார் உன்னைப் பார்த்த பார்வையையும் நான் கவனித்தேன். அதையும் சேர்த்துத்தான் நன்றி சொல்கிறேன்.

எல்லாம் எதற்காக என்று நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. தைக்க வந்த சோபாக்களைப் பொது நடையில் அடுக்கினேன். பைக்கை விட வழியில்லை என்றார் உன் வீட்டுக்காரர். இதோ நகர்த்துகிறேன் என்று சொல்லியே இரண்டு வருஷம் ஓட்டினேன். அவர் ஒரு சோபாவின் முதுகைக் கிழித்தார். நான் அவர் பைக்குக்கு முன்னால் மரச்சட்டங்களைக் குவித்தேன். அன்று மதியம் ஸ்பேனரைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார்.

அவர் கை எப்படி இருக்கிறது? கேட்க எனக்கு முகம் இல்லைதான். இருந்தாலும் கேட்கிறேன்.

உன்னை நினைக்காத நாளில்லாத,
சோபா அக்கா


மார்ச் 15

அன்புள்ள அக்கா,

முதலாளி பிரிக்கவில்லை. ஆனால் உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு, இருமல் மருந்து கேட்டு வந்தவருக்கு வயிற்றுப்போக்கு மருந்தை எடுத்து நீட்டினேன். அவர் சீட்டைப் பார்த்துத் திருப்பிக் கொடுத்ததால் பிழைத்தார். அழுதுகொண்டே கடை பார்க்கக் கூடாது.

நன்றி நன்றி என்று எழுதியிருக்கிறீர்கள். நான் வேலைக்கு வந்த நாளெல்லாம் என் மகள் உங்கள் பஞ்சு மூட்டை மேல்தான் தூங்கினாள். சண்டை முற்றி, நீங்களும் அவரும் முகம் பார்க்காமல் இருந்தபோதுகூட அவளை ஒரு நாளும் போகச் சொன்னதில்லை. உங்களுக்குச் சொல்ல வேண்டிய நன்றி எனக்கும் இருக்கிறது.

அவர் கை தோளுக்கு மேல் எழும்பவில்லை. இனி லிஃப்ட் மெக்கானிக் வேலைக்கு ஏற முடியாது. கம்பெனியில் போன் எடுக்கும் இடத்தில் உட்காரவைத்திருக்கிறார்கள். லிஃப்டில் மாட்டிக்கொண்டவர்களிடம் "பதறாதீங்க, மெதுவா மூச்சு விடுங்க, ஆள் வந்துட்டிருக்காங்க" என்கிறாராம். யார், இவர்! ஒருமுறை போய் மறைந்து நின்று கேட்க ஆசையாக இருக்கிறது.

நான் ஏன் அப்படிச் சாட்சி சொன்னேன் என்று அவர் இதுவரை கேட்கவில்லை. சாப்பிடுகிறார், படுக்கிறார். கோபமா வருத்தமா என்று எனக்குத் தெரியவில்லை. நாத்தனார் என்னோடு பேச்சை நிறுத்திவிட்டாள். கடைசி வீட்டுக்காரர் வந்து, இரண்டு கை தட்டினால்தான் ஓசை என்று நியாயம் பேசினார். எங்கள் வீட்டில் இப்போது ஒரு கைதான் ஒழுங்காக இருக்கிறது, தட்டுவதற்கு வேறு வீடு பாருங்கள் என்று அனுப்பிவிட்டேன்.

உங்கள் வாசலையும் சேர்த்துக் கூட்டிவிடுகிறேன். எப்போது வருவீர்கள்?

உங்கள் தங்கச்சி


மார்ச் 27

அன்புள்ள தங்கச்சி,

வாசலைக் கூட்டுகிறேன் என்று எழுதினாயே, அதற்குப் பிறகு என்னால் வாயை மூடிக்கொண்டிருக்க முடியவில்லை.

அடி எப்படி விழுந்தது என்று அரசு வக்கீல் உன்னைக் கேட்டார். "எல்லாம் ஒரே நொடியில முடிஞ்சிருச்சு, சார்" என்றாய். ஒரே நொடியில் முடியவில்லை. உனக்கும் தெரியும், நீ வாசல்படியில் அவருக்குப் பின்னால்தான் நின்றாய்.

முதல் அடி உயிர்ப்பயம். ஸ்பேனர் என் தலைக்கு நேரே வந்தது, கையில் இருந்த மரச்சுத்தியலால் அவர் கையைத் தட்டிவிட்டேன். ஸ்பேனர் கீழே விழுந்தது. அந்த அடிக்கு நான் யாரிடமும் மன்னிப்புக் கேட்க மாட்டேன். அதற்கப்புறம் அவர் வலி தாங்காமல் குனிந்தார். நான் நின்று பார்த்தேன். மறுபடியும் ஓங்கித் தோளில் அடித்தேன்.

அந்தத் தோள்தான் இன்று எழும்பவில்லை என்கிறாய். எங்கள் தொழிலில் ஓர் ஆணிக்கு இரண்டு அடி. முதல் அடி ஆணியை நிறுத்த, அடுத்தது இறக்க. அந்தக் கைப்பழக்கத்தில் தானாக விழுந்த அடி என்று எனக்கு நானே சொல்லிப் பார்த்தேன். மனசு ஒப்பவில்லை. கிழிந்த சோபா என் கண் முன்னால் வந்தது. உன் மகள் கேட்கும்படி அவர் என்னைத் திட்டிய வார்த்தை வந்தது. அது பயம் இல்லை தங்கச்சி, கோபம்.

நீ அதை மறைத்து என்னைக் காப்பாற்றினாய். உனக்கு நான் எவ்வளவு நன்றி சொன்னாலும் தகும். ஆனால் அந்த உதவியை வாங்கிக்கொண்டு தினமும் அவர் முகத்தில் எப்படி விழிப்பேன்? வீட்டை விற்றுவிடலாம் என்கிறான் தம்பி. எனக்கும் அதுதான் சரி என்று படுகிறது.

உன் அக்கா


ஏப்ரல் 10

அக்கா,

வீட்டை விற்கிறேன் என்று எழுதியதைப் படித்ததும் எனக்குக் கெட்ட கோபம் வந்தது. ஒளித்து ஒளித்துக் கடிதம் படிக்க நான் என்ன காதலா பண்ணுகிறேன்? அவர் எதிரே உட்கார்ந்து உங்கள் கடிதத்தைச் சத்தமாகப் படித்தேன்.

'மறுபடியும் ஓங்கித் தோளில் அடித்தேன்' என்ற இடத்தில் கையைக் காட்டி நிறுத்தினார். அதற்குமேல் படிக்க விடவில்லை. பிறகு சொன்னார்:

"நான் வலியில குனியல. ஸ்பேனரை எடுக்கத்தான் குனிஞ்சேன். இன்னொரு கை நல்லாத்தானே இருந்துச்சு. அவங்க அடிக்கலைன்னா நான் அடிச்சிருப்பேன்."

அக்கா, நான் பார்த்தது அவர் முதுகை மட்டும்தான். வலியில் குனிகிறார் என்றுதான் நானும் நினைத்தேன். உங்களுக்காக அதை மழுப்பிவிட்டு, கட்டினவருக்குத் துரோகம் செய்துவிட்டோமே என்று இத்தனை நாள் அவருக்குச் சட்டை மாட்டிவிடும்போதெல்லாம் கூனிக் குறுகியிருக்கிறேன்.

இதை ஏன் கோர்ட்டில் சொல்லவில்லை என்று கேட்டேன். "எல்லாரும் என்னைப் பாத்துப் பாவம்னு சொன்னாங்க. அது எனக்குப் பிடிச்சிருந்துச்சு" என்றார். அப்புறம் செருப்பை மாட்டிக்கொண்டே, "ஸ்பேனரை எடுத்திருந்தா இன்னைக்கு நான் ஜெயிலுக்குள்ளே இருப்பேன். அவங்க என்னையும் சேர்த்துத்தான் காப்பாத்தினாங்க. நன்றின்னு எழுது" என்றார். எழுதிவிட்டேன்.

தன் தங்கைக்கும் போன் போட்டு இதைச் சொல்லியிருக்கிறார். நாத்தனார் நேற்று வந்து என்னோடு பேசினாள், குழம்பில் உப்புக் குறைச்சல் என்று. காதுக்கு இனிமையாக இருந்தது.

இனியும் விற்பேன் என்றால் நானே வந்து உங்களை இழுத்துக்கொண்டு வருவேன்.

தங்கச்சி


ஏப்ரல் 16

என் தங்கச்சிக்கு,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு நடுக்கூடத்தில் உட்கார்ந்து அழுதேன். தம்பி பயந்துபோய்த் தண்ணீர் கொண்டுவந்தான். வீட்டை விற்கவில்லை என்று அவனிடம் சொல்லிவிட்டேன்.

நீதிபதி சொன்னதைவிட உன் வீட்டுக்காரர் சொன்னது எனக்குப் பெரிது. சொல்ல வேண்டிய கட்டாயம் அவருக்கு இல்லை. ஊரெல்லாம் அவரைப் பாவம் என்று சொல்லிக்கொண்டிருக்கும்போது வாயைத் திறந்து சொன்னார் பார், அந்த மனுஷனுக்கு நான் எவ்வளவு நன்றி சொன்னாலும் போதாது.

ஆனால் ஒன்று. அவர் ஸ்பேனருக்குக் கை நீட்டியது அன்று எனக்குத் தெரியாது. தெரிந்து அடித்திருந்தால் தற்காப்பு. நான் தெரியாமல் அடித்தேன். கோபத்தில் அடித்தேன். அவர் தன் பங்கைச் சொல்லிவிட்டார். என் பங்கை அவர் இன்னும் கேட்கவில்லை.

அவர் நிறுத்திய அந்தக் கடிதத்தின் மீதியை நீ அவருக்குப் படித்துக் காட்டாதே. வெள்ளிக்கிழமை காலை வருகிறேன். என் வீட்டுப் பூட்டைத் திறப்பதற்கு முன்னால் உங்கள் கதவைத்தான் தட்டுவேன். நீ திறக்க வேண்டாம், அவர் திறக்கட்டும். நீ படிக்காமல் விட்டதை நானே அவரிடம் சொல்லிவிடுகிறேன்.

அக்கா