தாய்மொழிக் கட்டம்

கார்த்திக் மாதம் 24, விக்ரம் சம்வத் 2078
கடுகு விதைப்பு முடிந்தது. விதை இரண்டு மானா மிச்சம்.

நாளையிலிருந்து மக்கள்தொகைக் கணக்கெடுக்க வருகிறார்களாம். எங்கள் தராய் இனச் சங்கத்துத் தேக்பகதூர் அண்ணன் வாசலில் நின்றே சொல்லிவிட்டுப் போனார். "தங்கச்சி, தாய்மொழின்னு கேட்டா வீட்ல எல்லாருக்கும் தராய்னு சொல்லு. தலைக்கணக்கு குறைஞ்சா நம்ம பேச்சைப் பள்ளிக்கூடத்துல வைன்னு எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுக் கேக்கறது?"

எல்லாருக்கும் என்றால் அஞ்சிலாவுக்குமா? என் மகளுக்குப் பதினாறு வயது. தராயில் ஒரு வாக்கியம் முழுதாகச் சொன்னதில்லை. நான் தராயில் கேட்பேன், நேபாளியில் பதில் வரும்.

கார்த்திக் 26
என் வீட்டுக்காரர் கத்துகிறார். "எல்லாருக்கும் நேபாளின்னு சொல்லு. தராய் பேசினதுக்கு வாத்தியார்கிட்ட நான் வாங்கின அடி போதும்."

எனக்கும் அவருக்கும் தராய், அதில் சந்தேகமில்லை. அவளுக்கு? தராய் என்றால் பொய். நேபாளி என்றால் — இத்தனை வருஷம் நான் அவளிடம் பேசியதெல்லாம் எங்கே போயிற்று? இந்த நோட்டில் விரத நாளைக்கூட ஒன்று கூட்டி எழுதியவள் இல்லை நான். பகவானே, இதில் எது பொய்?

கார்த்திக் 27
யாரும் வரவில்லை. சோறு அடிப்பிடித்துவிட்டது.

கார்த்திக் 29, பெரிய ஏகாதசி
தேவ்காட் ஆற்றுத்துறையில் முழுகிவிட்டு வந்தால், கணக்கெடுக்கிற பெண் வந்து போயாயிற்று. வீட்டில் அஞ்சிலா மட்டும்தான். வள்ளிக்கிழங்கை உரித்துக்கொண்டே சொல்கிறாள்.

"அப்பாவுக்கு அவர் சொன்ன மாதிரியே நேபாளி. எனக்குத் தராய்."

"உனக்கா? பேச வருமாடி உனக்கு?"

"நீ திட்டறது ஒண்ணு விடாம புரியுதே, பத்தாதா?"

"சரி, எனக்கு?"

"நேபாளி."

"ஐயோ, என்னடி இது!"

"சாமிகிட்ட நேபாளியிலதானே பேசற? ஒரு நாளாவது தராயில வேண்டிக்கிட்டிருக்கியா?"

அவள் கையிலிருந்த கிழங்கை வாங்கி நானே உரித்தேன்.

மங்சிர் 1
அந்தப் பெண்ணைத் தேடிப் பிடித்தேன். "மேல அனுப்பியாச்சு அக்கா, இனிமே மாத்த முடியாது."

பேசத் தெரியாதவள் தராய். பேசுகிற நான் இல்லை. தேக்பகதூர் அண்ணனிடம் என்ன சொல்வேன்? அவளை அடிக்கவும் கை வரவில்லை. பொய்யா சொன்னாள்?

மங்சிர் 3
விடிந்ததும் துளசிக்கு விளக்கேற்றி, தராயில் வேண்டிக்கொண்டேன். சாமிக்கு ஏற்ற சொல் ஒன்றும் அகப்படவில்லை. ஆட்டை அதட்டுகிற மாதிரிதான் வாயில் வந்தது. தப்போ என்னவோ. நிறுத்தவில்லை.