காற்றலமாரி

மார்ச் 3

இன்றும் லோவெல் எனக்கு முன்பே எழுந்துவிட்டான். தன் விவாகரத்துக்குப் பிறகு மதியம் வரை படுக்கையில் கிடந்த அண்ணன், இப்போது விடிந்ததும் சமையலறைப் பெயிண்ட்டைச் சுரண்டுகிறான். கூடம், மாடிப்படி எல்லாம் நூறு வருஷத்துக் கருமரமாகப் பளபளக்கும்போது சமையலறை மட்டும் வெள்ளை பூசிக் கிடப்பது எங்கள் இருவருக்குமே பொறுக்கவில்லை. பசடீனாவில் இந்த மாதிரி வீடு வைத்திருக்கும் எல்லோருக்கும் உள்ள வியாதி.

"உள்ளே தங்கம் இருக்கு பாரு" என்கிறான். தூசி முகமூடிக்குள் பாடுகிறான். அவன் பாடிக் கேட்டு எவ்வளவு நாளாயிற்று!

மார்ச் 9

உள்ளே தங்கம் இல்லை.

மார்ச் 10

சமையலறை அலமாரிகளில் கதவுக்குக் கதவு வேறு மரம். மட்டப் பலகை, முடிச்சு, மக்குப் பசை வைத்து அடைத்த ஓட்டைகள்.

"கெடுத்துட்டேன். நான் தொட்டது எதுதான் உருப்பட்டிருக்கு?" சுரண்டியைப் போட்டுவிட்டுப் படுக்கப் போனான். சாப்பிடவில்லை.

மரத்தைப் பற்றி மட்டுமா சொன்னான்?

மார்ச் 12

மதியமாகியும் எழவில்லை. மறுபடியுமா — கடவுளே, மறுபடியும் அதேதானா?

மார்ச் 14

பக்கத்து வீட்டு யூரி எலுமிச்சம்பழம் கொண்டுவந்தாள். உரித்த கதவுகளைப் பார்த்து, "ஏன்டி, கோழியா உரிக்கறீங்க?" என்றாள். பிறகு, "உங்க காத்தலமாரி எங்க? எங்க வீட்ல இந்த மூலையிலதான் இருக்கு."

தட்டினேன். மூலைப் பலகை உள்ளே கூடாக ஒலித்தது. பலகையை நெம்பி எடுத்தேன். பிரிட்ஜ் இல்லாத காலத்தில் பால், வெண்ணெய் கெடாமல் வைத்த கம்பிவலைத் தட்டுகள். வீட்டுக்கடியிலிருந்து கூரைக்கு ஏறும் குளிர்ந்த காற்று முகத்தில் அடித்தது. உட்புறமெல்லாம் வெண்ணெய் நிறப் பெயிண்ட், வெறும் மரத்தின் மேல் பூசிய முதல் பூச்சு. அதற்கப்புறம் யார் கையும் படவில்லை.

ஓடிப்போய் அவன் கதவைத் தட்டினேன். "எந்திரி லோவெல்! நீ எதையும் கெடுக்கல. வீட்டைக் கட்டினவனே பெயிண்ட் அடிச்சுத்தான் குடுத்திருக்கான்."

ரொம்ப நேரம் கழித்து, பைஜாமாவோடு வந்து காற்றலமாரிக்குள் தலையை விட்டான்.

"கஞ்சப்பய. விருந்தாளி பாக்கற எடத்துல நல்ல மரம். சமையக்காரி நிக்கற எடத்துல மட்டப் பலகை, மேல ஒரு பூச்சு!"

திட்டினான். அப்பாடா, திட்டுகிறான்!

மார்ச் 15

அதே நிறம் வாங்க, காற்றலமாரிப் பெயிண்ட்டில் ஒரு சில்லைப் பெயர்த்து எடுத்துக்கொண்டு கடைக்குப் போயிருக்கிறான். சவரம்கூடச் செய்திருக்கிறான்.

மார்ச் 29

காலையில் சத்தமே இல்லை. பயந்துகொண்டு இறங்கினேன். பிரஷ்ஷுக்குச் சத்தம் கிடையாது என்பது அப்புறம்தான் உறைத்தது.

பிரிட்ஜில் வெண்ணெயைக் காணோம்.

"காத்தலமாரியில பாரு," என்றான் திரும்பாமல். "பிரிட்ஜுல வச்சா கல்லாயிடுது."

ரொட்டியில் வெண்ணெய்க் கத்தி வழுக்கிக்கொண்டு போயிற்று. இரண்டு சாப்பிட்டான். மூன்றாவது கேட்டான்.