சமையலறையை மூட என்னிடம் கேட்ட சம்மதம்

என் பாசத்துக்குரிய குணம் அண்ணை,

நான் சொல்லச் சொல்ல இதை மகள் மாலா எழுதுகிறாள். எனக்கு எழுத்து வராது என்பது உங்களுக்குத் தெரிந்ததுதான். உங்கள் ஆண்டுத்திவசத்துக்கு நினைவு மலர் அடிக்கப்போவதாக உங்கள் மனைவி, மச்சாள், சொன்னா. "அவரோடை கூடக் காலம் நிண்டது நான் இல்லை, நீங்கள்தானே தம்பி. நீங்களும் ஏதும் சொல்லுங்கோ" என்றா. மற்றவர்கள் உங்கள் நல்ல குணங்களை எழுதுவார்கள். நான் பள்ளிக்கூடத்துச் செய்தியைச் சொல்கிறேன். களைத்துப்போய்ச் சொல்கிறேன் அண்ணை, முன்பின்னாக வந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

மலரை வாசிக்கிற சனத்துக்கும் விளங்கவேண்டும் என்று மாலா ஒற்றைக்காலில் நிற்கிறாள். ஆகவே உங்களுக்குத் தெரிந்ததையும் கொஞ்சம் சொல்லவேண்டியிருக்கிறது. இந்தப் பிரெஞ்சுத் தலைநகரத்தில், லா சப்பலில் எங்கள் தமிழ்க் கடைத்தெருவுக்குப் பின்னால், ரயில் பாதைப் பக்கமாக, குவேக்கர் என்ற கிறிஸ்தவ மார்க்கத்தார் நடத்துகிற ஒரு சின்னப் பள்ளிக்கூடம். பிள்ளைகள் காலையில் வந்து பின்னேரம் வீட்டுக்குப் போவார்கள். அங்கே நீங்கள் சமையல்காரர். நான், சிவம், உங்கள் கையாள். மரக்கறி வெட்டுவேன், சட்டி கழுவுவேன். பாதிரியார் இல்லை, மேடை இல்லை. வெள்ளிக்கிழமை காலையில் பிள்ளைகள், ஆசிரியர்கள், கூட்டித் துடைக்கிற ஆவா, நாங்கள் இரண்டு பேர், எல்லோரும் வட்டமாகக் கதிரை போட்டுப் பேசாமல் இருப்போம்.

முதல் நாள் நான் பயந்துபோனது நினைவிருக்கிறதா? எங்கள் ஆட்கள் இத்தனை பேர் கூடிப் பேசாமல் இருந்தால் அது செத்தவீடு, இல்லாவிட்டால் கோபம். உங்கள் காதுக்குள், "அண்ணை, என்ன பிழை விட்டிட்டம்?" என்று கேட்டேன். "ஒண்டுமில்லையடா, கும்பிடுகினம். நீயும் சும்மா இரு" என்றீர்கள்.

ஆசிரியர்களையும் பெயர் சொல்லித்தான் கூப்பிடவேண்டும் என்பது அங்கத்தைய வழக்கம். எனக்கு வாய் வரவில்லை. தலைமை ஆசிரியை எலிஸ் என்னைவிட எவ்வளவோ இளையவ. மரியாதைக்கு அவவை 'எலிஸ் அக்கா' என்றேன். ஒரு கிழமைக்குள் பள்ளிக்கூடம் முழுவதற்கும் அவ எலிசக்கா. புதிதாக வருகிற பெற்றோர் அதுதான் அவவின் முழுப்பெயர் என்று இப்போதும் நினைக்கிறார்கள்.

உங்கள் தகனத்தன்று பள்ளிக்கூடத்தார் எல்லோரும் வந்தார்கள். உள்ளே தேவாரமும் அழுகையும். வெளியே மழையில் அவர்கள் வட்டமாக நின்றார்கள், ஒரு சத்தமில்லை. "ஏன் தம்பி இவையள் அழேல்லை?" என்று மச்சாள் கேட்டா. "இது அவையின்ரை அழுகை, மச்சாள்" என்றேன். சரியாகச் சொன்னேனோ தெரியாது.

அதற்குப் பிறகு சமையல் என் தலையில் வந்தது. வேறு ஆள் தேடினார்கள், வந்தவர்கள் நிற்கவில்லை. விடிய எழும்பி, நகரத்துக்கு வெளியே நாங்கள் இருக்கிற சார்செலிலிருந்து 'டி' பாதை ரயிலில் வருகிறேன். முழங்கால் படி ஏற மறுக்கிறது. பெரிய சட்டியை இறக்க யாரையாவது கூப்பிடவேண்டும். உங்கள் பருப்பு என் கையில் ஒரு நாள் தண்ணீர், ஒரு நாள் களி. பிள்ளைகள் ஒன்றும் சொல்லாமல் சாப்பிடுகிறார்கள். அதைப் பார்ப்பதும் ஒரு களைப்புத்தான்.

போன மாதம் எலிசக்கா வட்டத்தில் ஒரு விஷயம் வைத்தா. அடுத்த தவணையிலிருந்து மத்தியானச் சாப்பாட்டை ஒரு கம்பனியிடம் எடுப்பது. ஆளுக்கொரு பெட்டியாக வரும், சாப்பிட்டதும் பெட்டியை எறிந்துவிடலாம். சமையலறையை மூடி வாசிக்கிற அறையாக்கலாம். அடுப்பும் பழசு, புகை இழுக்கிற மெசினும் பழசு, சிவத்துக்கும் ஓய்வு வேண்டும் என்றா.

அங்கே கை தூக்கி வாக்கு எடுப்பதில்லை. எல்லோருக்கும் மனம் ஒத்துவரும் வரைக்கும் பொறுத்திருப்பார்கள். ஒரே ஒருவருக்கு ஒத்துவராவிட்டாலும் அடுத்த கிழமை மறுபடி கூடியிருந்து பார்ப்பார்கள்.

ஒவ்வொருவராக ஓம், சம்மதம் என்றார்கள். என் முறை வந்தபோது நான் கண்ணை மூடியிருந்தேன். யோசனையில்லை அண்ணை, நித்திரை. வேறெந்த இடம் என்றாலும் தோளில் தட்டி எழுப்பியிருப்பார்கள். அங்கே ஒருவருடைய மௌனத்தைக் குழப்பக்கூடாது. நான் விழித்தபோது எலிசக்கா, "சிவத்துக்கு இன்னும் நேரம் வேணும். காத்திருப்பம்" என்று கூட்டத்தை முடித்துக்கொண்டிருந்தா.

கணக்கு வாத்தியார் பஸ்கால் கதவடியில் என்னைப் பிடித்துப் பிரெஞ்சில் கேட்டார்: "நீ யோசிச்சனியோ, நித்திரை கொண்டனியோ?"

"நித்திரைதான்."

"நானும்தான். ஆனால் எனக்குக் குறட்டை வந்திடும். அதாலை எனக்காக ஒருத்தரும் காத்திருக்கிறேல்லை."

அங்கேயே திரும்பிப் போய் ஓம் என்று சொல்லியிருந்தால் விஷயம் முடிந்திருக்கும். கதவடியில் நின்று பார்த்தேன். அந்த ஓம் எனக்குள் இருக்கவில்லை. ஏன் என்று அப்போது சொல்லத் தெரியவில்லை.

அந்தக் கிழமை முழுக்க எல்லோரும் ஒவ்வொருவராகச் சமையலறைக்கு வந்தார்கள். ஒருவர் முதுகைத் தடவினார், ஒருவர் முழங்காலுக்குப் பூச மருந்து கொண்டுவந்தார். எலிசக்கா மெத்தை வைத்த கதிரை ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்து, "நீ போதுமான அளவு செய்துபோட்டாய்" என்றா. திட்டியிருந்தால் திருப்பிச் சொல்லலாம். அன்புக்கு என்ன சொல்வது?

மரக்கறிக் கடை யோகனுக்கும் எப்படியோ கதை போய்விட்டது. "என்னண்ணை, ஒரு பள்ளிக்கூடத்தையே நிப்பாட்டி வைச்சிருக்கிறியளாம்? ஊரிலை எங்கடை சங்கத்திலை இப்பிடி ஒரு சட்டம் இருந்திருந்தால் இண்டைக்கும் முதலாவது கூட்டம் முடிஞ்சிராது" என்று சிரித்தான். வீட்டில் இந்த மாலா, "அப்பா, ஓம் எண்டு சொல்லிப்போட்டு வாங்கோ. அடுப்படியிலை விழுந்தால் அவையே வந்து பாப்பினம்?" என்றாள். அவளும் சொன்னது சரிதானே.

எதை விட முடியாமல் நிற்கிறேன் என்று வெங்காயம் வெட்டிக்கொண்டு யோசித்தேன். சமையல் இல்லை. கழுவுகிற தொட்டிதான். சாப்பிட்ட தட்டுக் கழுவுவதில் பெரியவர் சின்னவர் பார்ப்பதில்லை என்று நீங்கள் முறை வைத்தீர்கள். காலையில் எலிசக்காவிடம் ஏச்சு வாங்கின குழப்படிக்காரி மத்தியானம் தட்டைக் கழுவுவாள், எலிசக்கா பக்கத்தில் நின்று துடைப்பா. பத்துத் தட்டுப் போவதற்குள் இரண்டு பேரும் எதையாவது சொல்லிச் சிரிப்பார்கள். வட்டத்தில் இறங்காத எத்தனையோ கோபம் அந்தத் தொட்டியடியில் இறங்கினதைப் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறேன். பெட்டியை எறிய ஒரு ஆள் போதும், பக்கத்தில் இன்னொருவர் தேவையில்லை.

அடுத்த வெள்ளிக்கிழமை என் அரைகுறைப் பிரெஞ்சில் எழும்பிச் சொன்னேன். "எனக்குக் களைப்பு. அது உண்மை. கம்பனிச் சாப்பாடு கூடாது எண்டு சொல்லேல்லை, என்ரை பருப்பைவிட நல்லாயிருக்கும். என்ரை மனம் தட்டுக் கழுவுற தொட்டியடியிலைதான் நிக்குது. ஆனால் நீங்கள் எல்லாரும் எனக்காகத்தான் ஓம் எண்டனீங்கள். எனக்காக மூடாதேங்கோ. உங்களுக்கு வேண்டாமெண்டால் மூடுங்கோ, நான் மறிக்கேல்லை."

வெளியே ஒரு ரயில் போய் முடிந்தது. பஸ்கால் எழும்பினார். "எனக்குத் தட்டுக் கழுவ விருப்பமில்லை. ஒருநாளும் இருந்ததில்லை. சிவத்துக்காக எண்டு சொல்லுறது எனக்கு வசதியாயிருந்தது." பிள்ளைகள் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. ஒருநாளும் வாய் திறக்காத ஆவா இருந்தபடியே சொன்னா: "நான் கூட்டேக்கை பிள்ளையள் விலத்திப் போகுதுகள். தொட்டியடியிலைதான் என்னோடை கதைக்குதுகள்."

எலிசக்கா கடைசியில் சொன்னா: "குணம் போனதுக்குப் பிறகு அந்த அறைக்குள்ளை போக எனக்குப் பயம். அடுத்தது நீ எண்டு பயம்." எனக்கும் அந்தப் பயம் இருக்கிறது, அண்ணை. உங்களுக்கு இருந்ததா? கடைசி மாதங்களில் ஏலாமல் சட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றீர்களே, அப்போது ஏன் ஒரு சொல்லும் சொல்லவில்லை?

முடிவு இதுதான். நாலு நாள் பெட்டி. வியாழக்கிழமை மட்டும் உங்கள் அடுப்பு எரியும். பெற்றோரும் பிள்ளைகளும் முறைவைத்துச் சமைப்பார்கள், எல்லோரும் கழுவுவார்கள், பஸ்கால் உட்பட. நான் கதிரையில் இருந்து மரக்கறி வெட்டுவேன், சட்டி தூக்கமாட்டேன். வென்றேன் என்று சொல்லமாட்டேன். நாலு நாள் போய்விட்டது. ஆனால் நாலு நாள் ஓய்வு கிடைத்ததில் எனக்குச் சந்தோஷமும் இருக்கிறது. அதையும் உங்களுக்கு ஒளிக்கவில்லை.

இவ்விடத்தில் மாலா எழுதுவதை நிறுத்திவிட்டு, "அந்த ஒரு நாளையும் விடலாம்தானே, அப்பா?" என்கிறாள். இதையும் எழுது என்றேன். எழுதினாளோ இல்லையோ, எனக்குப் பார்த்துச் சொல்ல முடியாது. நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள்.

உங்களுக்கு ஒரு வாக்குத் தருகிறேன். வியாழக்கிழமைகளில் போவேன். முடியாமற்போகிற நாள் வரும். அதை முகத்தைப் பார்த்து அவர்கள் கண்டுபிடிக்கும்படி விடமாட்டேன், உங்களைப்போல மறைக்கவும் மாட்டேன். இனி ஏலாது என்று வட்டத்தில் எழும்பி நானே சொல்வேன்.

உங்கள் கூடப் பிறக்காத தம்பி,
சிவம்