ஐயரம்மாவின் மணைப்பலகை

16 பிப்ரவரி 1936, ஞாயிறு. ஸ்ரீவில்லிபுத்தூர்.

இன்று ஆராதனையில் முழங்காலிட முடியவில்லை. நேற்று முழுக்க ஆட்டுக்கல் பக்கமே போகாமல் தெம்பைச் சேர்த்து வைத்திருந்தேன். ஆலயத்துக்கு நடந்து போனதிலேயே அது தீர்ந்துவிட்டது. பெண்கள் எல்லாரும் முழங்காலிட, நான் மட்டும் பாயில் உட்கார்ந்திருந்தேன். கண்ணை மூடினேனே தவிர ஒரு வார்த்தை ஜெபம் வரவில்லை.

போதகர் மனைவி ஐயரம்மா வாசலில் என் கையைப் பிடித்து நிறுத்தினார்கள். டாக்டர் என் உடம்பில் ஒன்றுமில்லை என்கிறார். மாமியார் சோம்பல் என்கிறார்கள். இனி தேவபயமும் இல்லாதவள் என்ற பெயர்தான் பாக்கி என்று நினைத்தேன்.

"ஏட்டி, எம்புட்டு நாளா இப்படி?"

"ரெண்டு வருசமாம்மா. தூங்கி எந்திரிச்சாலும் அடிச்சுப் போட்ட மாதிரி இருக்கு. யாராவது தொட்டாக்கூட வலிக்கி."

ஐயரம்மா சுற்றிலும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்கள்.

"எனக்கும் இதே பாடுதான். அடுத்த வாரம் எம் பக்கத்துல வந்துரு. நான் சின்ன மணைப்பலகையில உக்காந்துக்கிட்டு, சேலைய விரிச்சு விட்டுருவேன். பாக்கிறவியளுக்கு முழங்கால் போட்ட மாதிரியே இருக்கும். எங்க வீட்டு ஐயருக்கே இன்னும் தெரியாது."

வீடு வரும் வரை எனக்குச் சிரிப்பு அடங்கவில்லை. என்னடி சிரிப்பு என்று மாமியார் கேட்டார்கள். நல்ல பிரசங்கம் அத்தை என்றேன்.

வலி குறையவில்லை. இதை எழுதும் விரல்கூட நோகிறது. ஆனால் இரண்டு வருஷத்தில் முதல் தடவையாக, என்னை நானே சந்தேகப்படாமல் படுத்திருக்கிறேன். காலையில் வராத ஜெபம் படுத்தபடியே வந்தது. முதலில் ஐயரம்மாவின் முழங்காலுக்காக ஜெபித்தேன்.