கடல்கன்னி கொடுத்த குரல்

ஞாயிறு இரவு.

இன்று மதியச் சாப்பாடு புதுப்பட்டினத்தில், கதிர் வீட்டில். அடுத்த மாதம் எங்களுக்குக் கல்யாணம். டிவியில் ஒரு பழைய கார்ட்டூன். இளவரசனுக்காகக் கடல்கன்னி தன் குரலையே கொடுத்துவிடுகிறாள்.

"லூசு! கொரல போய் யாராவது குடுப்பாங்களா?" என்றான் கதிர்.

"கல்யாணம்னா பொம்பள எதனா வுட்டுத்தான் ஆவணும்," என்றார் அவன் அம்மா, என்னைப் பார்த்து. நான் திருவிழாக் கச்சேரிகளில் பாடுவது அவருக்குப் பிடிக்காது. பாதிச் சோற்றோடு எழுந்துவிட்டேன்.

கை கழுவப் போனேன். அடுப்படியில் கதிரின் அம்மா மீன் சட்டியைத் தேய்த்துக்கொண்டே, கார்ட்டூனில் அந்தக் கடல்கன்னி பாடிய மெட்டைத்தான் முனகிக்கொண்டிருந்தார். எனக்குச் சிரிப்பு வந்தது. நானும் மெல்லச் சேர்ந்துகொண்டேன்.

அவர் திரும்பவில்லை. "இன்னாம்மா, வாய்க்குள்ளயே பாடற? நல்லா தொறந்து பாடு."